கோட்டை வாசலில் ஒரே ஒடி

"ஒரே ஒடி" என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஒரு பஸ்ஸுக்குள். எனக்குக் கல்யாணமாகி நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சாயக் கம்பெனியில் என் சித்தி மகன் வேலை பார்த்தான். அவனுக்கு உடம்பு சரியில்லை என்று பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன் சீட்டில் இரண்டு ஆண்கள். உட்கார்ந்ததுமே ஒருவர் மற்றவரைக் கேட்டார்.

"இன்னைக்கு வண்டி யாரு?"

"ஒரே ஒடி."

"அப்பாடா. அப்ப கண்ணை மூடித் தூங்கலாம்."

"தூங்கு. ஆனா வாசல்கிட்ட எழுப்பிடுவேன். அதைப் பாக்காம விட்டா ஜென்மத்துக்கும் வருத்தப்படுவே."

யாரோ பெரிய மனிதர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கோட்டை வாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரோடு அதோடு முடிந்துவிடும். பஸ் வந்த வழியே திரும்ப வேண்டும். திரும்ப ஒரு சின்ன மண் திடல்தான் உண்டு. ஒரு பக்கம் கோட்டைச் சுவர். மறு பக்கம் அகழி, நிறையத் தண்ணீரோடு. மற்ற டிரைவர்கள் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய், கண்டக்டர் கீழே இறங்கிக் கத்தி, ஒரு வழியாகத் திருப்புவார்கள். ஸ்டியரிங்கைத் திருப்புவதை டிரைவர்கள் ஒடிப்பது என்பார்கள். இந்த மனிதர் ஒரே தடவை ஒடித்தார். பஸ் சுவரை உரசுகிற மாதிரி போய், அப்படியே பம்பரம் போலச் சுழன்றது. நான் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தரையே தெரியவில்லை. தண்ணீர்தான் தெரிந்தது. பஸ்ஸின் வால் அகழிக்கு மேல் அந்தரத்தில் போகிறது! கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்தபோது பஸ் வந்த திசையைப் பார்த்து, ஒன்றும் நடக்காத மாதிரி நின்றுகொண்டிருந்தது. வெளியே நின்றவர்கள் கை தட்டினார்கள்.

"உள்ள இருந்தா பாதிதான்யா," என்றார் முன் சீட்டுக்காரர். "வெளிய நின்னு பாக்கணும். அது வேற."

இறங்கி, அந்தப் பெரிய மனிதரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று முன்பக்கம் போனேன். டிரைவர் கதவு திறந்தது. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இறங்கினது யார் என்கிறீர்கள்? என் கொழுந்தன்! வீட்டில் இன்னொரு கரண்டி சோறு கேட்கக்கூடக் கூச்சப்படுகிற பிள்ளை.

"அண்ணி, நீங்களா! எங்க இந்தப் பக்கம்?"

"அது இருக்கட்டும். ஒரே ஒடின்னா நீங்களா தம்பி?"

"அது பசங்க சும்மா சொல்றது அண்ணி," என்றார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

என் மாமனாருக்கு நாலு பிள்ளைகள். என் வீட்டுக்காரர் மூத்தவர். அடுத்தது இரண்டு நாத்தனார்கள். கடைசி இவர். மாமனார் மரக்கடைக்குக் கை வண்டி இழுத்தவர். இவர் படிப்பு ஏறாமல் லாரி கழுவப் போய், கிளீனராகி, லாரி ஓட்டப் பழகி, பிறகு பஸ் டெப்போவில் சேர்ந்தார். புதிதாகச் சேர்ந்தவர் தலையில்தான் எந்த ஊரிலும் கஷ்டமான வேலையைக் கட்டுவார்கள். யாருக்கும் வேண்டாத அந்தக் கோட்டை ரூட்டை இவருக்குக் கொடுத்தார்கள். முதல் மாதம் முழுக்க எங்கள் வீட்டு முற்றத்தில் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடப்பார். துணி காயப் போடும் கம்புதான் அகழி என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று என் மாமியார் பயந்தே போனார். வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை அதே ரூட்தான். மாற்றிக் கொடுத்தபோதும் வேண்டாம் என்றுவிட்டார்.

இத்தனைக்கும் அந்தக் கோட்டையை அவர் பார்த்ததே இல்லை. பொய் சொல்லவில்லை. கோட்டைக் கதவில் எந்த ஆணி காணாமல் போயிருக்கிறது, எந்தக் கல் இடுக்கில் செடி முளைத்திருக்கிறது எல்லாம் அத்துப்படி. ஆனால் முன் கண்ணாடிக்கு மேலே என்ன இருக்கிறது என்று தெரியாது.

"ஏன்டா, அது எவ்வளவு உசரம் இருக்கும்?" என்று என் வீட்டுக்காரர் ஒரு தடவை கேட்டார்.

"எனக்குக் கண்ணாடி அளவுக்குத்தான் தெரியும்ணே."

"தலையைத் தூக்கிப் பாக்க மாட்டியா?"

"டிரைவர் கண்ணு ரோட்டுல இருக்கணும். கோட்டை எங்கயும் ஓடிடாது. அகழி ஓடி வந்துடும்."

திருப்பிய பிறகு பார்க்கலாமே என்றால், அதற்குள் ஒரு டீ, முகம் கழுவல், அவ்வளவுதான். கண்டக்டர் விசில் அடித்துவிடுவார். உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்க அரை நாள் வேண்டும். லீவு நாளில் போகலாம் என்றால், லீவு நாளிலும் யாராவது வேலை பார்க்கிற இடத்துக்கே போவார்களா?

ஆனால் கோட்டை வந்துவிட்டது என்பது அவருக்கு வேறு விதமாகத் தெரியும். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடும். "கடைசி வளைவு திரும்பினதும் பின்னால ஒரு சத்தம் வரும் அண்ணி. எல்லாரும் ஒண்ணா மூச்சை உள்ள இழுக்கற சத்தம். வாயாடி, குடிகாரன், அழுவுற குழந்தை, எல்லாம் கப்புனு அடங்கிடும். அது வந்தா கோட்டை வந்துடுச்சுன்னு அர்த்தம். ஒரு நாள்கூட அது வராம இருந்ததில்ல."

அவர் பெண்டாட்டி, அதாவது என் ஓரகத்தி, ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இஸ்திரி போடும் வேலை பார்த்தாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை சிமெண்ட் தரையில் நின்றபடியே போர்வையும் விரிப்பும் தேய்க்க வேண்டும். வாயும் இஸ்திரிப் பெட்டி மாதிரிதான், சூடாக இருக்கும், ஆனால் சுருக்கம் எடுக்கும். கல்யாணமான புதிதிலேயே அவள் கேட்டது ஒன்றே ஒன்று. நகை இல்லை, துணி இல்லை. "அந்தக் கோட்டைக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க. மேல ஏறி நின்னு, நீங்க வண்டி ஒடிக்கறதைப் பாக்கணும்."

"சரி" என்றார். சரி என்றதோடு சரி.

ஒரு தடவை கிளம்புகிற நேரத்தில் மாமனார் இறந்துபோனார். இன்னொரு தடவை இவள் பிள்ளைத்தாய்ச்சி, பாதி வழியில் மயக்கம் போட்டு இறக்கிவிட்டார்கள். இன்னொரு தடவை டெப்போவில் ஸ்டிரைக். அதன் பிறகு அதைப் பேசினாலே அவள் சிரிப்பாள். "ஊரையெல்லாம் ஏத்திட்டுப் போய் கோட்டை வாசல்ல இறக்குறாரு. கட்டினவளுக்குத்தான் அந்த வண்டில இடம் இல்லக்கா!"

தானாகப் பஸ் ஏறிப் போய்விட வேண்டியதுதானே என்று நானே அவளிடம் கேட்டிருக்கிறேன். அவள் சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "நீ வண்டில இருந்தா அந்த இடத்துல எனக்குக் கை ஓடாதுன்னாரு. அத்தனை பேர் உசிரு அவர் கையில. நான் எதுக்குப் போய் நடுங்க வைக்கணும்?"

இப்படியே மகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி, பேத்தியும் வந்தாகிவிட்டது. என் வீட்டுக்காரர் காலமானார். கொழுந்தனும் ஓய்வு பெற்றார். அவர் வண்டி ஒடிப்பதை இனிப் பார்க்க முடியாது என்று என் ஓரகத்தி அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். மேலே ஏறிப் பார்க்கும் ஆசை மட்டும் பாக்கி இருந்தது.

அதற்கும் ஆபத்து வந்தது. அத்தனை வருஷம் நின்ற கால்கள். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் செய்தால் நடக்கலாம். ஆனால் கோட்டை மாதிரி செங்குத்தான படி இனி இந்த ஜென்மத்துக்கு வேண்டாம் என்றார். ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாகிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று கொழுந்தன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தவர், "இந்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் கோட்டைக்குப் போறோம்," என்றார். என் ஓரகத்தி காலில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "யாரு சாகப் போறா இந்தத் தடவை?" என்றாள்.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் ஏற்பாடு! சாப்பாட்டு மேஜையில் உப்புக் கிண்ணம்தான் கோட்டை. ஸ்பூன்களை வரிசையாக வைத்தால் ரோடு. தண்ணீர்க் குவளை அகழி. கொழுந்தன் தீப்பெட்டியை வண்டியாக ஓட்டிக் காட்டுவார். மகள், மருமகன், பேத்தி, நான் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருப்போம். மருமகன் ஃபிரிட்ஜ் மெக்கானிக், நல்ல பையன், கொஞ்சம் வாய்த்துடுக்கு.

"ஞாயித்துக்கிழமைல மேல போற படியை மத்தியானத்தோட அடைச்சிடுவாங்க," என்றார் கொழுந்தன். "பழைய படி, கூட்டம் தாங்காது. அதனால வெள்ளனக் கிளம்பணும். பாதி வழியில ஒரே ஒரு ஸ்டாப். டீக்கடை. கால் கழுவ, தண்ணி பிடிக்க. அவ்வளவுதான்."

"அப்பா, இது குடும்பத்தோட போற டூர். நீங்க சொல்றதைப் பாத்தா வழியில ஆளை ஏத்தி டிக்கெட் போடுவீங்க போலிருக்கு," என்றாள் மகள்.

"மாமா, லேட்டா வர்றவங்களை ஏத்துவீங்களா மாட்டீங்களா?" என்றார் மருமகன்.

"மாட்டேன்," என்றார் சிரிக்காமல்.

சாப்பாடு என்ன, எந்தச் செருப்பு, மழை வந்தால் என்ன, பேத்திக்கு வாந்தி வந்தால் என்ன, எல்லாம் பேசியாயிற்று. கடைசியில் சீட். "முன் சீட் உங்கம்மாவுக்கு. வேற யாரும் கேக்கக் கூடாது. கடைசி வளைவுல கோட்டை எழும்பி வரும். அங்க உக்காந்தாத்தான் தெரியும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் என் ஓரகத்தி. "நீங்கதான் பாத்ததே இல்லையே!"

"பாத்தவங்க சொல்லிருக்காங்க," என்றார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் அன்று படுக்கப் போகும் முன் என்னிடம் வந்து, "அக்கா, இந்தத் தடவை போயிடுவோம்ல?" என்றாள்.

கொழுந்தன் டெப்போ நண்பர் ஒருவருடைய பழைய வேனை இரவல் வாங்கி வந்தார். நீளமான வண்டி, சீட்டுகள் உயரம், முன்னால் யார் இருக்கிறார்கள் என்று பின்னால் தெரியாது. அதன் பின் கதவு ஒரு அடியில் மூடாது. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

எல்லாரும் ஏறினோம். என் ஓரகத்தி முன் சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்தாள். வெயிலுக்கு ஒரு சிவப்புக் குடை, மடியில். கொஞ்ச தூரம் போனதும் பேத்திக்குக் குமட்டியது. முன்னால் காற்று வரும் என்று அவளை முன் சீட்டுக்கு அனுப்பி, இவள் பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "குழந்தைக்குச் சரியானதும் மாறிக்கிறேன்," என்றாள்.

டீக்கடையில் கொழுந்தன் நிறுத்தினார். எல்லாரும் இறங்கி ஏறினோம். என் ஓரகத்தி குடையை விரித்துக்கொண்டு, கேனில் தண்ணீர் பிடிக்கக் கடைக்குப் பின்னால் இருந்த குழாய்க்குப் போனாள். அவள் இடம் காலியாக இருந்தது. முன் சீட்டுக்கு மாறி, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். மகளும் அப்படியே நினைத்தாள். கொழுந்தன், அவள் பின்னால் எங்களோடு இருக்கிறாள் என்று நினைத்தார். மருமகன் பின்னால் போய் ஒரு பையை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். ஒரு அடியில் பிடிக்கவில்லை. இன்னொரு அடி அடித்தார்.

டப். டப்.

பஸ் டிரைவருக்கு இரண்டு விசில் என்றால் போகலாம் என்று அர்த்தம். விசில் இல்லாவிட்டால் வண்டியின் பாடியில் இரண்டு தட்டு. தலை திருப்பிப் பார்ப்பதெல்லாம் கிடையாது. பின்னால் யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்று பார்ப்பது கண்டக்டர் பொறுப்பு. ஆயுள் முழுக்க அப்படியே பழகிய கை. மருமகன் பக்கக் கதவால் ஏறி உட்கார்ந்தாரோ இல்லையோ, வண்டி கிளம்பிவிட்டது.

ரொம்ப தூரம் போன பிறகு முன் சீட்டிலிருந்து பேத்தி, "தாத்தா, தண்ணி," என்றது.

"பாட்டிகிட்ட கேளு. பின்னால இருக்கா."

"அம்மா முன்னாலதானே இருக்காங்க?" என்றாள் மகள்.

மகள் போனை எடுத்து அம்மாவை அழைத்தாள். என் காலடியில் இருந்த கைப்பை பாட ஆரம்பித்தது.

"அத்தை பைதான் இருக்கு," என்றார் மருமகன் ஈனஸ்வரத்தில்.

கொழுந்தன் வண்டியை ஓரம் கட்டினார். முகத்தில் ஈயாடவில்லை. "யாரு ரெண்டு தட்டு தட்டுனது?"

"நான் கதவைச் சாத்தினேன் மாமா. ஒரு அடில மூடல..."

"ரெண்டு தட்டு விழுந்தா எடுக்கணும் மாப்பிள்ளை. எடுத்துட்டேன்." ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "அவளுக்காகக் கிளம்பி, அவளையே விட்டுட்டு வந்துட்டேனே அண்ணி."

"கல்யாணத்துக்குக் கிளம்பி மாப்பிள்ளையை விட்டுட்டு வந்த கதைதான். திருப்புங்க தம்பி," என்றேன். வேறு என்ன சொல்ல?

வேகமாகத் திரும்பினோம். வழியில் எதிரே கோட்டை பஸ் வந்தது. பழைய பழக்கத்தில் ஒரு ஹாரன் அடித்து, கையைத் தூக்கிவிட்டு வழிவிட்டார். அதற்குள்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. "சிவப்புக் குடை அம்மாவா? ரோட்டையே கொஞ்ச நேரம் பாத்துட்டு நின்னாங்க. கோட்டை பஸ் வந்துச்சு. ஏறிப் போயிட்டாங்க."

"கோபமா இருந்தாளா?"

"இல்லையே. சிரிச்சுக்கிட்டேதான் போனாங்க."

கொழுந்தன் என்னைப் பார்த்தார். "கோபப்பட்டாக்கூடப் பரவாயில்ல அண்ணி. அவ சிரிச்சாத்தான் எனக்குப் பயம்."

மறுபடி கோட்டைப் பக்கம் ஓட்டினார். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. படியை அடைத்துவிடுவார்கள் என்ற ஒரே நினைப்புதான் எல்லாருக்கும். நாம் போய்ச் சேரும்போது, அவள் பூட்டின வாசலுக்கு முன்னால் தண்ணீர்க் கேனோடு உட்கார்ந்திருப்பாள், "பாத்தீங்களா, இந்தத் தடவையும் ஆச்சு" என்பாள், அப்புறம் ஆபரேஷன். அவ்வளவுதான், முடிந்தது. மகள் அழுதுகொண்டே வந்தாள். கடைசி வளைவு திரும்பியது. நாங்கள் ஒருவரும் கோட்டையைப் பார்க்கவில்லை. வாசலில் அவள் இருக்கிறாளா என்றுதான் தேடினோம். மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் அன்றைக்கு அவருக்குப் பின்னால் கேட்கவில்லை.

இங்கே நிறுத்தி, அவள் எங்களிடம் பிறகு சொன்னதைச் சொல்லிவிடுகிறேன்.

பஸ்ஸில் இருந்த கண்டக்டர், கொழுந்தனோடு பல வருஷம் அதே ரூட்டில் ஓடினவர். இன்னும் சர்வீஸில் இருந்தார். அவளைப் பார்த்ததும், "என்ன அண்ணி, தனியா?" என்று கேட்டிருக்கிறார்.

"உங்க ஆளு என்னை ரோட்டுல விட்டுட்டுப் போயிட்டாரு."

அந்த மனிதர் கேட்ட முதல் கேள்வியைக் கேளுங்கள். "ரெண்டு விசில் யாரு குடுத்தா? இல்லாம அண்ணன் எடுக்க மாட்டாரே!"

அவள் அதற்குத்தான் பஸ் முழுக்கச் சிரித்திருக்கிறாள். கையில் பை இல்லை, பணமும் இல்லை. கண்டக்டரே கோட்டை வாசல் வரை கூட வந்து, காவல்காரரிடம், "இவங்க ஒரே ஒடி வீட்டம்மா," என்றாராம். காவல்காரர் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். "அண்ணன் வீட்டம்மாவா? போங்கம்மா போங்க. ஆனா சீக்கிரம். மேல் படியை அடைக்கற நேரம் ஆச்சு." எத்தனையோ பட்டாளம் தட்டியும் திறக்காத கதவு என்பார்கள் அந்தக் கதவை. என் கொழுந்தன் பெயருக்குத் திறந்தது.

எங்களுக்காகக் காத்திருக்கலாமா என்று யோசித்தாளாம். காத்திருந்துதானே இத்தனை வருஷம் போனது? ஏறிவிட்டாள். சுவரைப் பிடித்து, உட்கார்ந்து, குடையை ஊன்றி, மறுபடி உட்கார்ந்து. "வலி உசிரு போச்சுக்கா. ஆனா அந்தச் சுவர் குளுகுளுன்னு இருந்துச்சு. கையை வெச்சா, எனக்கு முன்னால எத்தனை பேரு பிடிச்சு ஏறினாங்களோ, அந்த இடம் மட்டும் வழவழன்னு, இஸ்திரி போட்ட மாதிரி. பிடிச்சுக்கிட்டே போயிட்டேன்," என்றாள்.

நாங்கள் வந்தோம். திடலில் இரண்டு டூரிஸ்ட் பஸ்கள் நின்றுகொண்டிருந்தன. இருந்த கொஞ்ச இடமும் போய்விட்டது. வண்டிகளை நிறுத்துகிற ஆள் இரண்டு கையையும் ஆட்டி, "வராதீங்க, வராதீங்க, திரும்பாது!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தான். கொழுந்தன் காதில் அது விழவே இல்லை. அந்த இடம் வந்ததும் அவர் கை தானாகப் போயிற்று. ஒடித்தார்.

நான் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. சுவர் ஜன்னலுக்கு அருகே வழுக்கிக்கொண்டு போனது, கையை நீட்டினால் தொடலாம். பிறகு டூரிஸ்ட் பஸ்ஸின் மூக்கு. பிறகு வெறும் தண்ணீர். அந்த நீளமான வண்டி ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. தட்டில் எண்ணெய் சுற்றுகிற மாதிரி சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. ஓடி வந்த ஆள் கையைத் தூக்கினபடியே நின்றுவிட்டான்.

கொழுந்தன் குதித்து இறங்கி வாசலுக்கு ஓடினார். "இங்க ஒரு அம்மா... சிவப்புக் குடை..."

காவல்காரர் கையை நேரே மேலே காட்டினார்.

அப்போதுதான் என் கொழுந்தன் தலையைத் தூக்கினார்.

நானும் தூக்கினேன். நான் அதற்கு முன் பலமுறை அங்கே வந்திருக்கிறேன். ஆனால் அன்று பார்த்த மாதிரி பார்த்ததில்லை. ஒரு சுவர், அதற்கு மேல் இன்னொரு சுவர், அதற்கும் மேல் ஒரு கோபுரம். கல் மேல் கல்லாக, கழுத்து வலிக்கிற வரை போய்க்கொண்டே இருந்தது. மேகம் நகரும்போது கோட்டையே நம் மேல் சாய்ந்து வருகிற மாதிரி இருந்தது. மனுஷன் கட்டினதா அது? கை வண்டியில் கல் இழுத்தவனுக்கும் ஒரு பெண்டாட்டி இருந்திருப்பாளே என்று எனக்குத் தோன்றியது. அத்தனைக்கும் உச்சியில், குங்குமப் பொட்டு அளவுக்கு ஒரு சிவப்புக் குடை. அது ஆடியது.

எனக்கு முன்னால் ஒரு சத்தம் கேட்டது. மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். இத்தனை வருஷம் தனக்குப் பின்னால் கேட்டதை அவரே போட்டார். அப்படியே நின்றார். மகள் போய்த் தோளைத் தொட்டும் தெரியவில்லை.

"மேல் படியை அடைக்கணும்..." என்று இழுத்தார் காவல்காரர். பிறகு அவரே, "கடைசி ஆள் இறங்கினாத்தான் பூட்டுறது வழக்கம். உங்க வீட்டம்மா இன்னும் இறங்கலையே," என்று கதவை விட்டு விலகி நின்றார்.

ஏறினோம். மருமகன் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டார். முதலில் ஒரு பெரிய கூடம். நாங்கள் பேசிக்கொண்டு நுழைந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டோம். எங்கள் தெரு வீடுகளை எல்லாம் உள்ளே வைத்து மூடலாம், அவ்வளவு உயரக் கூரை. பேத்தி மட்டும், "தாத்தா!" என்று கூப்பிட்டது. அந்தக் கூடம் அதை வாங்கி வைத்துக்கொண்டு, நிதானமாகத் திருப்பிக் கொடுத்தது. குழந்தை பயந்து அப்பன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டது. கொழுந்தன் எங்கும் நிற்கவில்லை. நான்தான் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினேன். அந்தக் காலோடு இவள் எப்படி ஏறினாள் என்று நினைக்க நினைக்க எனக்குக் கண் கலங்கியது.

மேலே அவள் ஒரு கல் மேடையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தண்ணீர்க் கேன். காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

கொழுந்தன் அவள் எதிரில் போய் நின்றார். மூச்சு இரைத்தது.

"ரெண்டு விசில் யாரு குடுத்தா?" என்றாள் அவள்.

"கதவு."

"கதவு சொன்னா போயிடுவீங்களோ? பொண்டாட்டி வந்துட்டாளான்னு பாக்க மாட்டீங்களோ?"

"பின்னால பாக்கறது..."

"கண்டக்டர் வேலை. தெரியும். வீட்டுல அந்த வேலையை நான்தானே பாக்கறேன். நான் கீழ நிக்கறப்ப யாரு விசில் குடுக்கறது?"

மருமகன், "அத்தை, தப்பு என் மேலதான்," என்றார்.

"நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை. நீங்க மட்டும் அந்தக் கதவை ஒழுங்கா சாத்தியிருந்தா, நான் வேனுக்குள்ள உக்காந்திருப்பேன். உள்ள இருந்தா எனக்கு என்ன தெரிஞ்சிருக்கும்?" கையை நீட்டிக் கீழே காட்டினாள். திடல் ஒரு தட்டு மாதிரி தெரிந்தது. அகழி வளையல் மாதிரி. எங்கள் வேன் தீப்பெட்டி மாதிரி. மேஜையில் அவர் ஓட்டிக் காட்டினாரே, அதே மாதிரி.

"பாத்தேன்," என்றாள்.

"எதை?"

"ஒடிச்சதை."

கொழுந்தன் அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, பள்ளிக்கூடத்தில் மார்க் கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டார். "எப்படி இருந்துச்சு?"

சூடான வாய்க்காரி, வார்த்தைக்குத் தவித்து நான் அன்றுதான் பார்த்தேன். "கீழ நின்னவங்க எல்லாம் அப்படியே நின்னுட்டாங்க," என்றாள். "பறவைகூட எழும்பல. வண்டி மட்டும் சுத்துச்சு. அது நீங்கன்னே எனக்கு முதல்ல தெரியல. யாரோ பெரிய ஆளுன்னு நினைச்சேன்."

கொழுந்தனுக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டன.

கொண்டுபோன சாப்பாட்டை வேனிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். கேன் தண்ணீரைத்தான் எல்லாரும் மாற்றி மாற்றிக் குடித்தோம். இறங்கும்போது அவள் கால் மடங்க மறுத்துவிட்டது. கொழுந்தன் அவளுக்கு முன்னால், அவளைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே படி இறங்கினார். இரண்டு கையும் அவள் கையில். வாழ்க்கையில் முதல்முறையாக ரோட்டைப் பார்க்காமல் வண்டி ஓட்டுகிறார் என்று மருமகன் சொன்னதற்கு அவள்கூடச் சிரித்தாள். காவல்காரர் எல்லாரும் வெளியே வந்த பிறகுதான் பூட்டினார்.

வேனில் எல்லாரும் ஏறினோம். மருமகன் பின் கதவைச் சாத்தினார். டப். டப். வண்டி நகரவில்லை. கொழுந்தன் கழுத்தைத் திருப்பி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பக்கத்தில் இருந்த அவளையும் பார்த்தார்.

"போலாம், ரைட்," என்றாள் அவள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது கொழுந்தன் மகள் வீட்டுக் கீழ்த்தளத்தில் என் ஓரகத்தியோடு இருக்கிறார். கண்ணில் புரை விழுந்த பிறகு வண்டி ஓட்டுவதில்லை.